எல்லைக்கு இருபது நிமிஷம், முகூர்த்தத்துக்கு ஒண்டரை மணித்தியாலம்

போன மாதம் நிவேதா போன் எடுத்தா. மதுரைப் பிள்ளை. இங்க ஜெர்மனியில, ஆஹெனில எஞ்சினியரிங் படிச்சுக்கொண்டு, நான் வேலை செய்த ஹோட்டலில கிழமைக்கு மூண்டு நாள் ரிசெப்ஷனில நிக்கிறவ.

"ஆன்ட்டி, இனிமே ரூம் எல்லாம் டெய்லி க்ளீன் பண்ண மாட்டாங்களாம். கெஸ்ட் போன்ல டிக் பண்ணாத்தான் பண்ணணுமாம். நீங்க தினமும் எல்லா ரூமையும் பண்ணீங்கல்ல? எவ்ளோ கஷ்டம்!" எண்டா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "விருந்தாளிக்குத் தன்ர அறை ஊத்தையெண்டு தெரியுமே பிள்ளை? அது எங்களுக்கெல்லோ தெரியும்! அவர் டிக் போடுமட்டும் தலைமயிர் பாத்ரூமில கிடக்கட்டுமோ?"

அவ விழுந்து விழுந்து சிரிச்சா. "ஆன்ட்டி, இதை அப்படியே எழுதுங்க. புதுசா வர்றவங்களுக்கு நான் படிச்சுக் காட்டுறேன்." நான் பென்சன் எடுத்து எட்டு மாதம். வீட்டில மனுசன் என்ர வாய்க்குப் பயந்து காலமையில நடக்கப் போனா மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வாறார். அதால எழுதுறன்.

எங்கட ஹோட்டல் ஸ்டேஷனில இருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தா ஐஞ்சு நிமிஷம். வாசலில பஸ் ஏறினா இருபது நிமிஷத்தில ஹொலண்ட். ரயில் எடுத்தா பெல்ஜியம். வடிவான ஹோட்டல் எண்டு சொன்னா நாக்கு அழுகிப்போம். ஜன்னலைத் திறந்தா பஸ் தரிப்பிடம்தான் தெரியும். ஆனா வசதி எண்டா வசதி. இங்க படுத்து, அங்க கொண்டாட்டத்துக்குப் போய், திரும்ப இங்க வந்து படுக்கலாம். அதால ஐரோப்பா முழுக்க இருந்து சனம் வரும்.

நான் இந்த நாட்டுக்கு வந்து முதல் ரெண்டு வருசம் வேலை செய்ய அனுமதி இல்லை. அனுமதி கிடைச்ச கிழமையே இந்த ஹோட்டலில அறை துப்புரவாக்கிற வேலைக்குச் சேந்தன். டொச்சில, அதுதான் ஜெர்மன் பாஷையில, "நன்றி", "மன்னிக்கவும்" ரெண்டும்தான் தெரியும். மிச்சத்தை அறைகளிலதான் படிச்சன். படிச்சுப் படிச்சு, பதினாலு வருசத்தில ஹோட்டல் முழுக்க அறைகளுக்குப் பொறுப்பானவளா வந்திட்டன். சிவமலர் எண்ட பெயர் அவையின்ர வாயில வராது. ஃப்ராவ் சிவா, அதாவது திருமதி சிவா, எண்டாத்தான் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு முந்தி அந்தப் பொறுப்பில இருந்தவ ஃப்ராவ் பிராண்ட். மெலிஞ்ச, நெடுத்த மனுசி. ரப்பர் அடிச் சப்பாத்துப் போட்டிருப்பா, வாறது கேக்காது. ஒரு நாளும் ஏசினது கிடையாது. பிழை கண்டா அந்த இடத்தில அப்படியே நிப்பா. நாங்களாப் பாத்துக் கண்டுபிடிக்குமட்டும் அசையமாட்டா. ஏசினாலும் பரவாயில்லை, இந்த நிப்பைத்தான் தாங்கேலாது.

என்ர முதல் அறையைச் சோதிக்க வந்தது இண்டைக்கும் நினைவிருக்கு. கட்டில் விரிப்பில ஒரு சுருக்கு இல்லை. கண்ணாடி பளபளக்குது. நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறன். அவ நேர பாத்ரூமுக்குப் போய், டொய்லட் மூடியை மூடிப்போட்டு அதுக்கு மேல இருந்தா. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. இருந்துகொண்டு என்னைக் கையால கூப்பிட்டு, எழும்பி, என்னை இருக்கச் சொன்னா. இருந்து பாத்தா, முன்னால கைகழுவிற தொட்டிக்குக் கீழ குழாயில ஒரு சாண் நீளத்துக்குப் பற்பசை வழிஞ்சு காய்ஞ்சு கிடக்கு! நிண்டுகொண்டு துடைச்ச எனக்கு அது தெரியேல்லை. "விருந்தாளி எங்க இருந்து பாப்பாரோ, நாங்களும் அங்க இருந்துதான் பாக்கவேணும்" எண்டு சொல்லிப்போட்டு, அடுத்ததாச் சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டுக் கட்டிலில மல்லாக்கப் படுத்தா. மேல லைட்டில சிலந்திவலை.

கதவு தட்டுறதுக்கும் அவவிட்டை ஒரு முறை இருந்தது. தட்டவேணும், ஆர் எண்டு சொல்லவேணும், மூண்டு எண்ணவேணும், திரும்பத் தட்டவேணும், கை அகலத்துக்குத் திறந்து திரும்பச் சொல்லவேணும். துணிக்கு நிறம்: சிவப்பு டொய்லட்டுக்கு, நீலம் தொட்டிக்கு, மஞ்சள் மேசை கதிரைக்கு. மாறினா அண்டைக்கு நிப்புத்தான். குப்பைக்கு ரெண்டு சட்டம். வாளிக்கு வெளியில கிடக்கிறது கிழிஞ்ச பஸ் டிக்கெட் எண்டாலும் குப்பை இல்லை, தொடக்கூடாது. வாளிக்குள்ள கிடக்கிறது என்னவா இருந்தாலும் குப்பை, எடுக்கவேணும். ஆனா எடுத்த பையில மாடி நம்பரை எழுதிக் கட்டி, பின்னேரம் ரெண்டு மணி வரைக்கும் நிலக்கீழ் அறையில வைக்கவேணும். சனம் பாதி வழியில இருந்து போன் எடுக்குமாம். எடுத்ததுதான்! பல்லுச் செட்டைக் கடுதாசியில சுத்திப்போட்டு எறிஞ்ச ஒரு பெல்ஜியம் கிழவருக்கு நானே தேடிக் குடுத்தனான்.

ஃப்ராவ் பிராண்ட் பென்சனில போகேக்க இந்தச் சட்டமெல்லாம் எழுதின கொப்பியை என்ர கையில தந்தா. நான் ஒண்டையும் மாத்தேல்லை. பின்னால வந்த டிரெக்டர் ஹெர் லென்ஸ் மட்டும், "குப்பையை ஏன் கீழ வச்சு மணக்க விடுறீங்கள்?" எண்டு மாதத்துக்கு ஒருக்கா முணுமுணுப்பார். நான் காது கேளாதமாதிரி நிப்பன்.

இனித்தான் கலியாணக் கதை.

பொம்பிளை வீடு இங்க ஜெர்மனியிலயே, எசன். மாப்பிள்ளை வீடு லண்டன். மண்டபம் எல்லைக்கு அங்கால, ஹொலண்டில. ரெண்டு பகுதிக்கும் வசதியெண்டு எங்கட ஹோட்டலில இருபத்திரண்டு அறை எடுத்திருந்தவை. ரெண்டாம் மாடி பொம்பிளை பகுதி, மூண்டாம் மாடி மாப்பிள்ளை பகுதி. வெள்ளிக்கிழமை பின்னேரம் லிஃப்ட் திறக்க முறுக்கு மணம், மூட மல்லிகைப்பூ மணம். எனக்கெண்டா ஒரே சந்தோசம். வேலை செய்யிற இடத்தில வாய் நிறையத் தமிழ் கதைக்க எத்தினை நாள் கிடைக்கும்?

மாப்பிள்ளையின்ர தாய் பரமேஸ் அக்கா, முன்னூற்றெட்டாம் அறை. புருசன் இல்லை, ஒரே பிள்ளை. எல்லாத்துக்கும் அவவின்ர தம்பிதான் முன்னுக்கு நிண்டவர். வந்த உடனயே என்னைப் பிடிச்சிட்டார்.

"அக்கா, நாளைக்கு எல்லையில எத்தினை மணிக்கு விடுவினம்?"

"அண்ணை, அங்க விடுறதுக்கு ஒருத்தரும் இல்லை. றோட்டு அப்படியே போகும்."

"சும்மா கதையாதேங்கோ. ஒரு நாட்டில இருந்து இன்னொரு நாட்டுக்குப் போறம்!" நாப்பது பேரின்ர பாஸ்போட்டையும் சேத்து ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு இறப்பர் பாண்ட் கட்டி வச்சிருந்தார் மனுசன். லண்டனில இருந்து வாறவைக்கு அந்தப் பயம் விட்டுப்போகாது.

சனிக்கிழமை விடிஞ்சுது. பதினொண்டு பத்துக்கு முகூர்த்தம் துடங்குது. மண்டபத்துக்குப் போற பஸ் பத்தரைக்கு வாசலுக்கு வரும். ஒன்பதேகாலுக்கு ஹெர் லென்ஸ் என்ர போனுக்கு அடிச்சு, "உடன கீழ வாங்கோ" எண்டார். குரல் சரியில்லை.

கீழ வந்தா வரவேற்பறை சந்தைமாதிரிக் கிடக்கு. பட்டு வேட்டியோட மாப்பிள்ளையின்ர மாமா, அதுதான் அக்காவின்ர தம்பி, கத்துறார். பரமேஸ் அக்கா பாதிச் சீலை உடுத்தபடி கதிரையில இருந்து அழுகிறா. தாலிக்கொடியைக் காணேல்லை. பொன்னுருக்கி, பூசையில வச்சு, லண்டனில இருந்து மடியில வச்சுக் கொண்டுவந்த தாலிக்கொடி.

நடந்தது இதுதான். அக்கா தலைக்குப் பூ வைக்க எட்டுமணிக்கு மற்ற அறைக்குப் போயிருக்கிறா. அந்த நேரம் அந்த மாடியில வேலை செய்த மிலேனா கதவைத் தட்ட, தம்பிக்காரர்தான் திறந்து, "சொந்தக்காரர் வருவினம், வடிவாத் துப்புரவாக்குங்கோ" எண்டு சொல்லிப்போட்டுச் சாப்பிடப் போயிட்டார். அக்கா திரும்பி வந்து பாத்தா தாலிக்கொடி இல்லை. எங்க வச்சனீங்கள் எண்டு கேட்டவைக்கு, "பெட்டிக்குள்ள" எண்டிருக்கிறா. மூண்டு பேர் சேந்து பெட்டியைக் கவிட்டுக் கொட்டி, சொக்ஸைக்கூட உதறிப் பாத்திட்டினம். இல்லை.

"அறைக்குள்ள போனது அந்தப் பொம்பிளை ஒருத்திதான்!" மாமா என்னைக் கண்டதும் என்ர பக்கம் திரும்பினார். "நீங்கள் எங்கட ஆள். உண்மையைச் சொல்லுங்கோ அக்கா, அவள் எப்படிப்பட்டவள்?"

"வேலைக்காறி அண்ணை. நல்ல வேலைக்காறி," எண்டன்.

ஹெர் லென்ஸ் என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மிலேனா பல்கேரியாக்காறி, ஒரு மகளை வச்சுக்கொண்டு தனிய இருக்கிறவ. சேந்து ஆறு மாதம் முடியேல்லை, சோதனைக் காலம். அந்தக் காலத்தில காரணம் சொல்லாமலே நிப்பாட்டலாம். "பொலிசுக்கு அடிக்கப்போறன். அவ வீட்டை போகட்டும். திங்கக்கிழமை வரத் தேவையில்லை," எண்டார். கெட்ட மனுசன் இல்லை. பயந்த மனுசன்.

"எனக்கு ஒரு அரை மணித்தியாலம் தாங்கோ. அதுக்குப் பிறகு பொலிசு, ராணுவம் ஆரையெண்டாலும் கூப்பிடுங்கோ," எண்டன். மணிக்கூட்டைப் பாத்திட்டுத் தலையாட்டினார்.

நான் பரமேஸ் அக்காவை மட்டும் கையில பிடிச்சு லிஃப்டுக்குள்ள ஏத்தி, வர வெளிக்கிட்ட தம்பியாரை, "நீங்கள் பாஸ்போட்டுக்குக் காவல் இருங்கோ" எண்டு நிப்பாட்டிப்போட்டுக் கதவை மூடினன். முன்னூற்றெட்டுக்குள்ள போய்க் கட்டிலில இருத்தினன்.

"அக்கா, பெட்டிக்குள்ள எந்தப் பக்கம் வச்சனீங்கள்?"

"உந்தப் பக்கம்..." எண்டா. பெட்டி கட்டிலுக்கு மேல கிடக்கு. அவவின்ர கண் மேசைக்குக் கீழ போகுது. அங்க என்ன இருக்கு? புதுப் பை போட்ட குப்பை வாளி.

எனக்கு உடன விளங்கிட்டுது. விளங்காமல் என்ன! எங்கட சனத்தின்ர வீடுகளில பவுண் இருக்கெண்டு இந்த நாட்டுக் கள்ளர் எல்லாருக்கும் தெரியும். அரிசி வாளி, ஃப்ரீஸர், சாமிப்படத்துக்குப் பின்பக்கம் எண்டு நாங்கள் ஒளிக்கிற இடமெல்லாம் அவங்களுக்குப் பாடம். அதால நாங்களும் இடம் மாத்திக்கொண்டே இருக்கிறம். என்ர தாலிக்கொடி ரெண்டு வருசமா வக்கும் கிளீனர் பைக்குள்ள கிடக்குது. மனுசனுக்குக்கூடத் தெரியாது, இதை வாசிச்சாத்தான் தெரியும்.

"அக்கா, குப்பை வாளிக்குள்ளயோ?"

அவ ரெண்டு கையாலயும் என்ர வாயைப் பொத்தினா. "சத்தம் போடாதேங்கோ பிள்ளை! மார்ஜரின் பெட்டியில போட்டு, பைக்குக் கீழ வச்சனான். கள்ளன் குப்பையைக் கிண்டமாட்டான் எண்டு... வீட்டிலயும் அப்படித்தான் வைக்கிறனான். தம்பி போய் அறை துப்புரவாக்கச் சொல்லுவான் எண்டு நான் கண்டனானே?"

"பேந்து ஏன் பெட்டிக்குள்ள எண்டு சொன்னீங்கள்?"

"என்னெண்டு சொல்லுவன்? சம்பந்தி முன்னால நிக்கிறா. தாலியைக் குப்பைக்குள்ள வச்சனான் எண்டு சொன்னா அபசகுனம் எண்டு எழும்பிப் போயிடுவா. என்ர பிள்ளையின்ர கலியாணம்!" விம்மி விம்மி அழுதா. எனக்கும் கண் கலங்கிட்டுது. பாவம் எண்டு நினைச்சன், அதேநேரம் கன்னத்தில ரெண்டு அறை குடுப்பமோ எண்டும் இருந்தது.

நிலக்கீழ் அறைக்கு ஓடினம். மூண்டாம் மாடிப் பை ரெண்டு. பழைய கட்டில் விரிப்பை நிலத்தில விரிச்சு முதல் பையைக் கொட்டினன். வாழைப்பழத் தோல், பவுடர் டப்பா, பூச்சரம். ஒரு மார்ஜரின் பெட்டி! திறந்தா எலுமிச்சங்காய் ஊறுகாய். இன்னொரு மார்ஜரின் பெட்டி! திறந்தா சீனிச்சம்பல். எங்கட சனம் மார்ஜரின் பெட்டியில மார்ஜரினை மட்டும் வைக்காது. "கோதாரி, எத்தினை பெட்டி!" எண்டு நான் கத்த, அழுதுகொண்டிருந்த அக்காவும் சிரிச்சிட்டா. ரெண்டாவது பையில, அடியில, மூண்டாவது பெட்டி. தூக்கினதும் பாரம் சொல்லிச்சுது. மஞ்சள் துணியில சுத்தினபடி தாலிக்கொடி.

அக்கா நெஞ்சோட அணைச்சுக்கொண்டு, அதைக் கண்ணில ஒத்திக்கொண்டு, பேந்து என்ர கையைப் பிடிச்சா. "பிள்ளை, இது உடுப்புப் பெட்டிக்குள்ளயே கிடந்தது எண்டு சொல்லுவம். உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்."

ஒளிக்காமல் சொல்லுறன், நானும் ஓம் எண்டு சொல்லப் பாத்தன். ஒரு கலியாணம், ஒரு தாய், நேரமும் போகுது. பிறகுதான் யோசிச்சன். மூண்டு பேர் உதறின பெட்டிக்குள்ள இனித் தாலி வந்தா சனம் என்ன சொல்லும்? எடுத்தவள் பயந்துபோய்த் திருப்பி வச்சிட்டாள் எண்டு சொல்லும். ஹெர் லென்சும் அதைத்தான் நினைப்பார்.

"ஏலாது அக்கா," எண்டன்.

"உங்களைக் கும்பிடுறன்..."

"கும்பிட்டாலும் ஏலாது. வாங்கோ, ஒண்டைக் காட்டுறன்."

பக்கத்தில துணி அடுக்கிற அறை. கதவு பாதி திறந்து கிடந்தது. மிலேனா கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு ஸ்டூலில இருந்தா. தன்ர கைப்பையை, ஒருத்தரும் கேக்காமலே, அயர்ன் பண்ணுற மேசையில கொட்டி வச்சிருந்தா. சீப்பு, பஸ் டிக்கெட், பாதி கடிச்ச பாண், மகளின்ர படம், ரெண்டு டம்பன். கோட்டுப் பொக்கற்றையும் ரெண்டு பக்கமும் வெளியில இழுத்து விட்டிருந்தா. வாறவை பாக்கட்டும் எண்டு.

பரமேஸ் அக்கா அதைப் பாத்துக்கொண்டு நிண்டா. சீலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சா. பேந்து லிஃப்டுக்குக்கூட நிக்காமல் படியில ஏறத் துடங்கினா. நான் மிலேனாவை "வா" எண்டு கூட்டிக்கொண்டு பின்னால ஓடினன்.

வரவேற்பறையில இப்ப பொம்பிளை பகுதியும் முழுக்க இறங்கி நிண்டது. பொம்பிளையின்ர தாய் எசன் அக்கா, கட்டையான, குரல் பெருத்த மனுசி, இடுப்பில கைவச்சுக்கொண்டு நடுவில நிக்கிறா. பரமேஸ் அக்கா நேர அவவுக்கு முன்னால போய் நிண்டா.

"சம்பந்தி, தாலி கிடைச்சிட்டுது. பெட்டிக்குள்ள எண்டு நான் சொன்னது பொய். கள்ளருக்குப் பயந்து குப்பை வாளிக்குள்ள வச்சனான். இந்தப் பிள்ளை தன்ர வேலையைத்தான் செய்தவ. இனி நீங்கள் என்ன சொன்னாலும் சரி."

மாமாக்காரர், "அக்கா, உனக்கு விசரோ?" எண்டார்.

எசன் அக்கா அவரைத் திரும்பியும் பாக்கேல்லை. என்னைப் பாத்தா. முகம் வெளிறிப் போச்சு.

"தங்கச்சி... ரெண்டாம் மாடியிலயும் குப்பை எடுத்தாச்சோ?"

"இல்லை அக்கா, இப்பத்தான் துடங்கியிருப்பினம். ஏன்?"

"ஐயோ! என்ர அட்டியல்!" எண்டு கத்தினா பாருங்கோ! காஞ்சிபுரச் சீலையை முழங்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு படியில ஓடின ஓட்டம், இருபது வயசுப் பிள்ளைக்கும் ஏலாது. மேல இருந்து, "கிடக்குது! கிடக்குது!" எண்டு குரல் வர, வரவேற்பறை முழுக்கச் சிரிச்சுது. எனக்கு வயிறு நொந்துபோச்சு. ஒண்டும் விளங்காமல் நிண்ட ஹெர் லென்சுக்கு நான் டொச்சில சொல்ல, அவர் மேசையைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். அண்டையில இருந்து குப்பை மணக்குது எண்ட முணுமுணுப்பும் நிண்டுபோச்சு. திரும்பி இறங்கி வந்த எசன் அக்கா, அட்டியல் கழுத்தில, மூச்சு வாங்க வாங்க, "என்ன அபசகுனம்? ரெண்டு வீட்டுக்கும் ஒரே புத்தி. இதைவிடப் பொருத்தம் எங்க பாக்கிறது?" எண்டா.

மணி பத்து இருபது. நான் சமையலறையில ஒரு சூப் கிண்ணத்தில மஞ்சள் கரைச்சுக் குடுக்க, தாலியைக் கழுவித் துடைச்சு, தேங்காய் வச்ச தட்டில வச்சினம். கட்டுறதுக்கு முந்தி அந்தத் தட்டைச் சபையில கொண்டு திரிவினம். பெரியாக்கள், சொந்தக்காரர் எல்லாரும் தாலியைத் தொட்டு, நல்லா இருக்கவேணும் எண்டு மனசுக்குள்ள சொல்லுவினம். அது மண்டபத்தில நடக்கிற காரியம். ஆனா பரமேஸ் அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு நேர மிலேனாவிட்டை வந்தா.

"முதல் இவ தொடட்டும்."

மிலேனாவுக்குப் புருசன் இருக்கோ இல்லையோ, என்ன சமயமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நான் அவவுக்கு விளங்கப்படுத்தினன். "தொட்டு, ரெண்டு பேரும் நல்லா இருக்கவேணும் எண்டு நினை. இது இவை செய்யிற பெரிய மரியாதை."

மிலேனா கையைத் தூக்கேல்லை. தாலியைப் பாத்தா, பரமேஸ் அக்காவைப் பாத்தா, பிறகு கூட்டத்துக்குப் பின்னால நிண்ட மாமாவைப் பாத்தா.

"முதல் அந்த மனுசன் சொல்லட்டும்," எண்டா. "கத்தின மாதிரியே சத்தமா."

நான் அதைத் தமிழில சொன்னன். ஒரு சொல்லும் குறைக்கேல்லை. பஸ் வந்து வாசலில ஹோர்ன் அடிக்குது. மாமாவின்ர முகம் சிவந்துபோச்சு. பாஸ்போட் பையை ஒரு கையில இருந்து மற்றக் கைக்கு மாத்தினார். பேந்து ஆக்களை விலக்கிக்கொண்டு முன்னால வந்து, அவவுக்கு நேர நிண்டு, முதல் இங்கிலீசில, பிறகு எங்கட ஆக்களுக்காகத் தமிழிலயும், ரிசெப்ஷன் முழுக்கக் கேக்கச் சொன்னார்:

"இவ எடுக்கேல்லை. நான் சொன்னது பிழை. என்னை மன்னிக்கவேணும்."

மிலேனா வெளியில தொங்கின ரெண்டு பொக்கற்றையும் உள்ளுக்குத் தள்ளினா. கையைக் கோட்டில ரெண்டு பக்கமும் துடைச்சா. அதுக்குப் பிறகுதான் தொட்டா.